கொழுந்தில் விழுந்த மஞ்சள்

இட்லிப்பூச் செடியில் மஞ்சள் விழுந்தால் எல்லாரும் முதலில் செய்வது தண்ணீரைக் கூட்டி ஊற்றுவதுதான். அதைவிடப் பெரிய தப்பு வேறு இல்லை. இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் இந்த நர்சரிக்குள் வரும்போது வாசலில் வரிசையாக நிற்கிற தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு மஞ்சள் இலை காட்ட முடியுமா? மாசி மாதம் வந்திருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மதுரையில் மூச்சுக்கு மெஷின் வைத்துப் படுக்கவைத்திருக்கிறார்களே, ஓவியா என்ற அந்தப் பெண்ணின் உடம்புக்குள் என்ன போனது என்று கேட்டீர்கள். டாக்டர் ஃபோனுக்காகக் காத்திருக்கிறார். எது என்று தெரிந்தால் ரத்தத்தைக் கழுவி அதை வெளியே எடுத்துப் பார்க்கலாம், தெரியாவிட்டால் இன்றைய பொழுது தாங்காது என்று சொல்லியிருக்கிறார். எது என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் போகிறேன். ஆனால் என் வரிசையில்தான் சொல்வேன். நடுவில் மடக்கினால் வக்கீல் வரட்டும் என்று வாயை மூடிக்கொள்வேன். அவர் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். ரைட்டர் இசக்கிப்பாண்டி எழுதட்டும். அவர் கைக்குத் தோதாக நிதானமாக, ஏட்டில் ஏறுகிற தமிழிலேயே சொல்கிறேன்.

நான் ஏன் பேசுகிறேன் என்பதையும் எழுதிவிடுங்கள். நேற்றைய பேப்பரில் நர்சரி பூச்சிமருந்தால் தாய் பலி, மகள் கவலைக்கிடம் என்று போட்டிருக்கிறான். என் நர்சரிக்குள் பூச்சிமருந்து வந்ததே இல்லை. மாவுப்பூச்சி வந்தால்கூட சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைக்கச் சொல்வேன். இத்தனை சுத்தமாக வைத்திருக்கிற இடத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி எழுதுகிறார்கள். அது பொறுக்காமல்தான் பேசுகிறேன்.

என் பெயர் சரவணக்குமார். அப்பா தொடங்கிய பட்டாசுக் கம்பெனி அச்சங்குளத்தில் நடக்கிறது. கம்பெனிக்காகத்தான் என்னைக் கெமிஸ்ட்ரி படிக்க வைத்தார்கள். ஏழாயிரம்பண்ணை ரோட்டில் இருக்கிற இந்த நர்சரியை எனக்காக நானே வைத்துக்கொண்டேன். கல்யாண மண்டபத்துக்கும் ஹோட்டலுக்கும் போகிற அழகுச் செடிகள். இட்லிப்பூ, செம்பருத்தி, கார்டினியா, எல்லாமே தொட்டியில்.

கம்பெனி எனக்கு அருவருப்பு. இதை வெளியே சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. வெடிமருந்து கலக்கிற அறையிலிருந்து வெளியே வருகிறவர்களின் கை, கழுத்து, காதுமடல், இமை மயிர் எல்லாவற்றிலும் அலுமினியப் பொடி அப்பியிருக்கும். காறித் துப்பினால் சளியும் மினுங்கும். அந்தக் கையை ஒப்புக்கு நனைத்துவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து சோற்றைப் பிசைவார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளை பழகவேண்டும் என்று அப்பா சின்ன வயதில் என்னை அவர்கள் நடுவில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் வாந்தியாக எடுத்துவிடுவேன். அம்மா பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுப்பாள்.

அப்பா உண்டாக்கிய பழக்கம் இன்னொன்றும் உண்டு. மருந்து வேலை பார்க்கிறவர்களுக்குச் சாயந்தரம் கை கழுவியதும் ஆளுக்கொரு வாழைப்பழமும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுப்போம். வயிற்றில் தங்கிய மருந்தைப் பழம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் கம்பெனியில் ஒரு நம்பிக்கை. இன்றைக்கும் கொடுக்கிறோம். நர்சரி ஆட்கள் எங்களுக்கும் பழம் கிடையாதா என்று கேட்டபோது, இங்கே மருந்து எங்கே இருக்கிறது, பழம் எதற்கு என்று நிறுத்தினேன். அன்றைக்கு அது நியாயமாகத்தான் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது செடிக்கு வருகிறேன். தரையில் நிற்கிற செடி பிழைத்துக்கொள்ளும். இங்கே கிடைக்காததை வேரை நீட்டி அங்கே தேடிக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு அந்தப் போக்கிடம் கிடையாது. நாம் போட்ட மண், நாம் விட்ட தண்ணீர், அவ்வளவுதான் அதன் உலகம். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரோ உப்பு. அதை விடவிடத் தொட்டி மண் சுண்ணாம்பாக இறுகிப்போகும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது. உடனே கொழுந்து மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்ட மாதிரி நிற்கும். மெக்னீசியம் குறைந்தாலும் இப்படித்தான், ஆனால் அது கீழிலையில் தொடங்கும். கொழுந்தா, கீழிலையா என்று பார்த்தாலே எந்தச் சத்து இல்லை என்று சொல்லிவிடலாம். கடுகளவு சத்துதான், மேடம். அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் செடி சாகும்.

வாட்சைப் பார்க்கிறீர்கள். இதெல்லாம் சேர்ந்ததுதான் உங்களுக்கான பதில்.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், கம்பெனிகளில் சோதனை கடுமையாக இருந்தது. என் குடோனில் இருக்கக்கூடாத ஒரு சரக்கு மூட்டை மூட்டையாக இருந்தது. பெயரைக் கடைசியில் சொல்கிறேன். நம் பக்கத்துக் குடோன்களில் இருக்கக்கூடாதவை எத்தனையோ இருக்கின்றன. நீங்கள் பாதியில் எழுந்துபோய் எதையாவது யூகித்துச் சொல்லி, டாக்டர் அதற்கு வைத்தியம் பார்த்தால் அது உங்கள் தலையில் விடியும். சரக்கை வெளியே கொண்டுபோனால் வழியில் மாட்டும். எரித்தால் ஊருக்கே தெரியும். போர்மேன் பாண்டிச்செல்வத்தைக் கூப்பிட்டு, நர்சரிக்குப் பின்னால் தூர்ந்து கிடந்த பழைய கிணற்றில் மூட்டைகளை இறக்கி மேலே செங்கல் ஜல்லியைத் தள்ளச் சொன்னேன். டிராக்டரில் கொண்டுபோய்த் தள்ளினான். மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள், குடோன் சுத்தமாக இருந்தது. டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் நர்சரியின் போர் இருக்கிறது. கார்த்திகையில் நல்ல மழை. மழைத் தண்ணீர் கிணற்றில் இறங்கும், கிணறு போருக்குச் சுரக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்போது தோன்றவில்லை. லைசென்ஸ் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

தை மாதம் செடிகள் எல்லாம் தழைத்து நின்றன. அந்தச் சரக்கில் பாதி, செடிக்கு உரமாகிற உப்புத்தான், அதனால்தான் அந்தத் தழைப்பு என்பது பிறகுதான் புரிந்தது. வளர்ந்த வேகத்துக்கு இரும்பு ஈடுகொடுக்கவில்லை. மாசியில் கொழுந்தெல்லாம் ஒரே மஞ்சள். பழுத்த புண்ணில் வருகிற நீரின் நிறம். காலையில் வந்து அதைப் பார்த்தால் சாப்பிட்டது மேலே வரும். வாடிக்கையாளர் பார்க்கக்கூடாது என்று தொட்டிகளைப் பின்பக்கம் தள்ளி வைத்தேன்.

கொழுந்து மஞ்சளுக்கு அன்னபேதிதான் வைத்தியம். நாட்டு மருந்துக் கடையில் விற்கிற பச்சைக் கட்டி, இரும்புச் சத்து. ஒரு வாளியில் போர்த் தண்ணீரைப் பிடித்து, கொஞ்சம் எலுமிச்சை உப்பைப் போட்டுவிட்டு அன்னபேதியைக் கரைத்தேன். இளம்பச்சையாகத் தெளிந்து நிற்கவேண்டும். நின்றதோ அரிசி கழுவிய தண்ணீர். கொஞ்ச நேரம் விட்டேன். அடியில் வெள்ளையாக மாவு படிந்தது. குச்சியால் கிண்டினால் மறுபடி வெளுத்தது, மறுபடி படிந்தது. காலேஜில் முதல் வருடமே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்வார்கள். அன்னபேதியில் கந்தகச் சத்து உண்டு. கிணற்றில் போட்ட அந்தச் சரக்கு தண்ணீரில் கரைந்திருந்தால் கந்தகச் சத்து அதைப் பிடித்து வெள்ளைத் தூளாக அடியில் உட்காரவைத்துவிடும். உட்கார்ந்த பிறகு அது ஒன்றும் செய்யாது. கரைந்திருக்கும் வரைதான் விஷம்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ரைட்டர். அந்த மஞ்சள் இலைகளைப் பார்த்து, பாவிகளா, இவ்வளவு நாளும் இதையா குடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்கே சாத்தூருக்குப் போய் ஒரு பெரிய நீல டேங்க் வாங்கி வந்தேன். எப்சம் உப்பும் மூட்டையாக வந்தது. அதிலும் கந்தகச் சத்து உண்டு, கூடவே மெக்னீசியமும். போர்த் தண்ணீரை டேங்கில் நிரப்பி, எப்சம் உப்பைக் கரைத்து, ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் இறுத்து, அதில் அன்னபேதியைச் சேர்த்துத் தொட்டிகளுக்கு விட்டேன். விஷம் அடியில் தங்கிவிடும், செடிக்குச் சத்து மட்டும் போகும். பங்குனி முடிவதற்குள் கொழுந்தெல்லாம் பச்சை. என் மனைவி ஸ்ரீமதி வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குக்கூட நான் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை என்று கேலி செய்தாள்.

குழாயைக் கேட்கிறீர்கள். குழாய் நேராகப் போரிலிருந்து வருகிறது. அதில் எதுவும் கலக்கவில்லை.

நர்சரிக்குப் பின்னால் காவலுக்காக ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். சண்முகத்தாயும் அவள் புருஷன் சோணைமுத்துவும் அதில் இருந்தார்கள். அவன் அச்சங்குளம் கம்பெனியில் மருந்து வேலை. காலையில் வேனில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அங்கே லாரித் தண்ணீர், வாழைப்பழம் எல்லாம் உண்டு. அவள் பகலெல்லாம் இங்கே செடிக்குத் தண்ணீர் விடுகிற வேலை. அவர்கள் மகள் ஓவியா ஹாஸ்டலில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வருகிறவர்கள். இந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்துவிடுவார்கள். நானும் வீட்டிலிருந்துதான் கொண்டுவருவேன். பகலெல்லாம் குழாயை நம்பி இருந்தது சண்முகத்தாய் ஒருத்திதான்.

அவளைப் பற்றித் தப்பாகச் சொல்லமாட்டேன். வேலையில் சுத்தம். ஆனால் வெற்றிலை போடுவாள். சிவப்பு எச்சில் கடைவாயில் கோடாக இறங்கி நிற்கும், அதோடுதான் பேசுவாள். நான் எப்போதும் அவள் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுவேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். குழாயில் குடிக்காதே என்றாலும், கேன் தண்ணீர் வாங்கிப் போட்டாலும் அதே கேள்விதான் வரும். நேற்றுவரை குடித்த தண்ணீருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று ஒருத்தி கேட்டால் நாலு பேர் கேட்பார்கள். பிறகு கிணறு, கிணற்றுக்குப் பிறகு லைசென்ஸ். அந்த லைசென்ஸை நம்பி எத்தனை வீட்டில் உலை கொதிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நான் அவர்களுக்காகத்தான் யோசித்தேன். கோடை வந்தால் கிணறு வற்றும், தானாகச் சரியாகிவிடும் என்றும் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். வற்ற வற்றத் தண்ணீரில் சரக்கு கூடத்தான் செய்யும் என்பது பிறகுதான் உறைத்தது.

சித்திரையில் ஒருநாள் டேங்கை வெளிப்பக்கம் கழுவச் சொல்லியிருந்தேன். கழுவி முடித்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்தாள்.

"மொதலாளி, கொழாத் தண்ணி இப்ப ஒரு மாதிரியா இருக்கு. குடிச்சா வயித்தப் பெரட்டுது, வாயச் சுத்தி மதமதன்னு வருது. இந்த நீல டேங்குத் தண்ணி தெளிஞ்சு நல்லாத்தான இருக்கு. அதுல ஒரு கொடம் மோந்துக்கிடவா?"

அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த டேங்க் தண்ணீரைக் குடித்திருந்தால் வயிறு கொஞ்சம் கலக்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் உரம் கலந்த தண்ணீரை ஆட்களைக் குடிக்க விடுகிற முதலாளி உண்டா? யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்? தவிரவும், அந்த வெற்றிலைச் சாற்றுக் கையை டேங்குக்குள் விட்டு மோந்தால் மொத்தத்தையும் கொட்டவேண்டியிருக்கும்.

"அது செடிக்கு. உரம் போட்டிருக்கு. குடிச்சா ஒத்துக்கிடாது" என்றேன்.

"செடிக்கு ஒத்துக்கிடுது, எங்களுக்கு ஒத்துக்கிடாதாக்கும்" என்று சிரித்தாள். "சரி மொதலாளி. அதுக குடுத்துவச்சதுக."

இதுதான் நான் செய்தது. இதற்கு மேல் நான் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

அதற்கு அடுத்த வாரம், வெயில் ஏறுகிற நேரத்தில், கார்டினியா வரிசையில் விழுந்து கிடந்தாள். கால் இரண்டும் அவள் சொல் கேட்கவில்லை. எழுந்திருக்கப் பார்க்கிறாள், துணி மாதிரித் துவள்கிறது. பேதியும் வாந்தியும் ஒன்றாகப் போயிருந்தது. பூத்திருந்த இரண்டு தொட்டிகளின் மேல் வாந்தி. வெள்ளைப் பூவில் வெற்றிலைச் சிவப்பும் சோற்றுப் பருக்கையும். அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. தண்ணீர் கொஞ்சம் குடிக்கிறேன்.

நானே என் காரில் ஏற்றிப்போனேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். சீட்டில் சாக்கு விரித்தேன், கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். என் பாட்டிலையே கொடுத்தேன். பிறகு அந்தப் பாட்டிலை வெளியே எறிந்துவிட்டேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயது. வாந்தியும் கை கால் விழுந்ததும் பார்த்துவிட்டு, மருந்து ஏதாவது அடித்தீர்களா என்று கேட்டார். அடிப்பதே இல்லை என்றேன். அது சத்தியமான உண்மை. பிறகு அவர் குழம்பி நின்றபோது, தொட்டிகளுக்கு நடுவில் கட்டுவிரியன் கிடக்கும், கடித்தால் தடம்கூடத் தெரியாது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான், மேடம். கட்டுவிரியன் கடித்தால் தடம் தெரியாது. அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. பாம்புக் கடிக்கு ஊசி போட்டார்கள். ராத்திரிக்குள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் பாம்பு பிடிக்கிறவனைக் கூட்டிவந்து நர்சரி முழுக்கத் தேடச் சொன்னேன். ஒரு சாரை கிடைத்தது. ஊர் வந்து பார்த்துவிட்டுப் போனது.

சோணைமுத்து என்னை வந்து பார்த்தான். கம்பெனி உடுப்போடு வந்திருந்தான், கழுத்தெல்லாம் அலுமினியப் பொடி. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "சொந்த அண்ணன் தம்பிகூட கார்ல ஏத்தமாட்டாக மொதலாளி. நீங்க ஏத்திக்கிட்டுப் போனீக" என்றான். மூக்கு ஒழுகி என் கையில் பட்டது. உருவிக்கொள்ள முடியவில்லை. அவன் போன பிறகு சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடி கழுவினேன். ராத்திரியானால் காலில் குரக்களி பிடித்து இழுக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனான். அந்தியில் வீட்டுக்கு வந்து அவனும் அந்தக் குழாயில்தானே குடிக்கிறான். கம்பெனிப் பழம் அவனைக் காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவின் நம்பிக்கை வீண் போகவில்லை. அந்தச் சரக்கு உடம்பில் எந்தச் சத்தைப் பிடுங்குகிறதோ, அந்தச் சத்து வாழைப்பழத்தில் இருக்கிறது. மதுரை டாக்டர் உங்களிடம் சொன்னாரே, ரத்தத்தில் ஒரு உப்பு அடியோடு இறங்கிக் கிடக்கிறது, ஏற்ற ஏற்ற இறங்குகிறது என்று. அதுதான். மனிதனுக்கும் கடுகளவு சத்துதான்.

பாண்டிச்செல்வம் மட்டும் துக்கத்துக்குப் போய்விட்டு நேராக என்னிடம் வந்தான். "கெணத்துல எறக்குனதுதான் மொதலாளி இது. அந்தப் பிள்ளையும் அப்பனுமாச்சும் பொழைக்கட்டும். சொல்லிப்பிடுவோம்" என்றான். இறக்கியது யார் என்று கேட்டேன். மறுநாள் வேலைக்கு வரவில்லை. திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. நீங்கள் அவனைத் தேடவேண்டாம், சொல்லவேண்டியதை நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓவியா பரீட்சை முடிந்து, அம்மா காரியத்துக்கு வந்தவள், அப்பாவுக்குச் சோறு பொங்க ஆள் இல்லை என்று தங்கிவிட்டாள். நல்ல மார்க். விருதுநகரில் ஒரு காலேஜில் இடமும் கிடைத்திருந்தது. திறக்கிறவரைக்கும் அம்மா பார்த்த வேலையைப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். மனசு கேட்காமல் கொடுத்தேன். நான் வேண்டாம் என்றிருந்தால் ஊர் என்னைத்தான் ஏசியிருக்கும்.

அவள் அம்மா மாதிரி இல்லை. வெற்றிலை கிடையாது, தலை பின்னி, நகம் வெட்டி, பார்க்கப் பாந்தமாக இருப்பாள். அவளைப் பார்த்துப் பேசுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. இலையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஒரு செம்பருத்தியின் கீழிலையைக் காட்டி, இது இரும்பு இல்லை, மெக்னீசியம்தானே என்று கேட்டாள். சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு அவளிடம் சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது, மேடம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் குழாயைத் திறந்து, இரண்டு கையையும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு முகத்தையும் கழுவிக்கொண்டாள். நான் தொட்டியைத் திருப்பி வெயில் பக்கமாக வைத்தேன்.

முந்தாநாள் காலையில் அவளும் விழுந்தாள். அதே வரிசை. இந்தத் தடவை பாம்பு என்று சொல்ல நான் வாய் திறக்கவில்லை. ஒரே இடத்தில் இரண்டு தடவை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் பூச்சிமருந்து என்று கிளப்பிவிட்டான் பேப்பர்க்காரன். எதையும் விசாரிக்காமல் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சளியை மிதித்த மாதிரி இருக்கும்.

சரி. பேரியம். எழுதுங்கள் ரைட்டர். பேரியம் நைட்ரேட். நம் பக்கம் பச்சை உப்பு என்பார்கள். பார்க்க வெள்ளைதான், எரிந்தால்தான் பச்சை. கோர்ட் வேண்டாம் என்று நிறுத்திய சரக்கு. அது கலந்த தண்ணீரைத்தான் தாய் குடித்தாள், அதையேதான் மகளும் குடித்தாள். டாக்டரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், அவருக்குப் புரியும்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடவேண்டியதில்லை. ஃபோன் வாசலில்தான் நன்றாக எடுக்கும். போங்கள்.

நீங்கள் எழுதுவதை நிறுத்தவேண்டாம் ரைட்டர். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சண்முகத்தாய் செத்ததற்கு நான்தான் காரணம் என்று எழுதவேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்துதான் விட்டேன். தாய் விஷயத்திலும் தெரியும், மகள் விஷயத்திலும் தெரியும். முறிப்பு என் டேங்கில் இருந்தது, கேட்டவளுக்கும் இல்லை என்றேன். ஆனால் யார் வாயிலும் நான் எதையும் ஊற்றவில்லை. குழாய் திறந்திருந்தது, அவர்கள் குடித்தார்கள். என் கை சுத்தம். வாசலில் நிற்கிற ஒரு தொட்டியில்கூட அந்தச் சரக்கு விஷமாக இருக்காது, மண்ணை எடுத்து லேபுக்கு அனுப்பிப் பாருங்கள். அதை அடிக்கோடு போட்டு எழுதுங்கள். பேப்பர்க்காரனுக்கும் ஒரு காப்பி கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? அருவருப்பாக இருக்கிறதா? எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் வரும். பழகிவிடும்.

வந்துவிட்டீர்களா மேடம். உட்காருங்கள். ஃபோனை அணைக்காமலே வைத்திருக்கிறீர்கள், அந்தப் பக்கம் யாரோ அழுகிற சத்தம் கேட்கிறது. சோணைமுத்துவா? அந்தப் பெண் போனது இப்போதுதானா? நான் பேசிக்கொண்டிருந்தபோதா?

சரி.

இந்த ஒரு வார்த்தையை வந்தவுடனே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். முதலிலேயே சொல்லியிருந்தால் அப்போதே எழுந்து ஓடியிருப்பீர்கள். செடிகளுக்கு என்ன நடந்தது என்று யார் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்?

வருகிறேன், கையைப் பிடிக்கவேண்டாம், நானே வருகிறேன். ஒரே ஒரு உதவி. காலையிலிருந்து யாரும் செடிகளுக்குத் தண்ணீர் விடவில்லை, வெயில் ஏறிவிட்டது. நீல டேங்கில் ராத்திரி தெளியவைத்தது அப்படியே இருக்கிறது. உங்கள் ஆட்கள் யாரையாவது அதிலிருந்து இறுத்து விடச் சொல்லுங்கள். விவரம் தெரியாமல் குழாயைத் திறந்து விட்டுவிடப் போகிறார்கள். தொட்டிச் செடி பாவம், மேடம். நாம் கொடுப்பதைத்தான் அது குடிக்கும்.